பெரிகான் ஊற்றாத தண்ணீர்

கெவ்ரிக் என்ற மலையடிவாரக் கிராமத்தின் மேலே அந்த ஜனவரி மாதச் சனிக்கிழமை நடுப்பகலில் பன்னிரண்டு போர் விமானங்கள் பறந்து போயின; அவற்றில் பதினொன்று தங்கள் நிழலை ஒழுங்காகத் தங்களோடு இழுத்துக்கொண்டு போக, பன்னிரண்டாவது மட்டும் தன் நிழலை ஊரிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டது. விமானங்கள் எல்லைக்கு வடக்கே இருந்த பெரிய நாட்டினுடையவை. சிரியாவின் உள்நாட்டுப் போர் ஏழு வருஷமாக அண்ணனையும் தம்பியையும் தின்று ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, தன் வேலியோரத்தில் ஒரு குர்தியப் படை நிற்பது தனக்கு ஆகாது என்று அந்த நாடு முடிவுசெய்து, முதலில் விமானங்களையும், பின்னால் டாங்கிகளையும், டாங்கிகளுக்குப் பின்னால் தெற்கிலிருந்து திரட்டிய தாடிக்காரக் குழுக்களையும் அனுப்பியிருந்தது.

நிழல் விழுந்த விதம் இப்படி: மூக்கு ரஷோவின் ஆலிவ் செக்குக் கொட்டகையின் மேல், இடது இறக்கை பக்கத்து வீட்டு எமினேயின் மொட்டைமாடியின் மேல், உடம்பு முழுவதும் பெரிகானின் முற்றத்தின் மேல், வால் வாசற்கதவைத் தாண்டித் தெருவில் ஒரு முழம். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போனாலும் அது நகரவில்லை, சூரியன் இறங்கி மறுநாள் ஏறியபோதும் அதே இடத்தில் கிடந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது இலவம்பஞ்சைப் பற்றி யார் பேசுவார்கள்? குண்டு விழுந்து பள்ளிக்கூடம் போயிருந்தது, தண்ணீர்த் தொட்டி போயிருந்தது, ஊரில் பாதிப் பேர் டிராக்டரில் ஏறித் தெற்கே போயிருந்தார்கள், மிச்சப் பேர் ரஷோவின் செக்குக் கொட்டகைக்கு அடியில் இருந்த நிலவறையில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து மேலே விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெரிகானும் அந்த நிலவறையில்தான் இருந்தாள். ஐம்பத்தாறு வயது, கணவன் செத்துப் பத்து வருஷம், வாய்த் துடுக்கு, பிடிவாதம், ஒரே மகள். மகள் சோஸின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்திய எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், அந்தச் சனிக்கிழமை காலையில், விமானங்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், பெண்கள் படையோடு எல்லைக்குப் போனாள். போன விதம்தான் பெரிகானின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து யாராவது பயணம் கிளம்பினால், அவர் வாசலைத் தாண்டும்போது பின்னால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, தண்ணி மாதிரி போய்த் தண்ணி மாதிரி வா என்று சொல்ல வேண்டும். சந்தைக்குப் போகிறவனுக்கும் ஊற்றுவார்கள், கல்யாணமாகிப் போகிறவளுக்கும் ஊற்றுவார்கள், பக்கத்து ஊருக்குக் கடன் கேட்கப் போகிற கையாலாகாதவனுக்கும் ஊற்றுவார்கள். பின்னால் தண்ணீர் ஊற்றாமல் எவரும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. பெரிகானுக்கு அது தெரியும், தெரிந்துதான் அன்றைக்குச் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஊத்த மாட்டேன். நீ எப்படிப் போறேன்னு பாக்கறேன்" என்றாள்.

"அம்மா, கீழ வண்டி நிக்குது."

"நிக்கட்டும். டாங்கி முன்னாடி போய் நின்னு அ, ஆ சொல்லிக்குடுக்கப் போறியா?"

"எல்லாரும் போறாங்க. நான் மட்டும் உன் அடுப்படியில ஒளிஞ்சிருக்கணுமா?"

"ஆமா. ஒளிஞ்சிரு. பெத்தவ கேக்கறேன், ஒளிஞ்சிரு."

சோஸின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பெரிகான் செம்போடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முந்தின ராத்திரி பெய்திருந்த பனியில் பூட்ஸ் நறநறத்துக்கொண்டு போவது கேட்டது, பிறகு கேட்கவில்லை, அவ்வளவுதான். செம்பை வாசல்படிக்குள் இருந்த மாடத்தில் தண்ணீரோடு வைத்துவிட்டு, போனால் போகட்டும் கழுதை என்று சொல்லி, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

நாலாவது நாள் மாவு எடுப்பதற்காக நிலவறையிலிருந்து ஏறி வந்தபோதுதான் அவள் முற்றத்தைப் பார்த்தாள். ஊரெங்கும் பனி உருகிச் சேறாகிக் கிடக்க, விமான நிழலுக்குக் கீழே மட்டும் அது விழுந்தபடியே இருந்தது, அதன்மேல் மகளின் காலடிகளும் பதிந்தபடியே இருந்தன. வாசல்படியிலிருந்து வெளிக்கதவு வரை பத்தொன்பது காலடி. கதவுக்கு முன்னால் கடைசியாக ஒரு ஜோடித் தடம், இரண்டு காலும் சேர்ந்து, மற்ற எல்லாத் தடங்களையும்விட ஆழமாக, விரல்பக்கம் வீட்டைப் பார்த்தபடி. சோஸின் அங்கே போய்த் திரும்பி நின்றிருக்கிறாள். பனி அழுந்திக் கண்ணாடியாகும் வரை நின்றிருக்கிறாள். தண்ணீருக்காகக் காத்திருக்கிறாள்.

பெரிகான் மாவை மறந்துவிட்டு அந்த ஜோடித் தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குண்டுச் சத்தத்தையும் மீறி ஊர் கேட்கும்படி தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். எழுந்துபோய்ச் செம்பை எடுத்துவந்தாள். ஊற்றக் கை சாய்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: ஊற்றினால் தடம் கரைந்துவிடும். ஊற்றாவிட்டால் மகள் போனது இன்னும் முடியாத போக்கு. மகளிடமிருந்து மிச்சமிருப்பது இந்தப் பத்தொன்பது அடிதான், அதைக் கரைத்துவிட்டு எதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பது? நாளைக்கு ஊற்றுவோம் என்று செம்பை மாடத்தில் வைத்தாள். மறுநாளும் அப்படியே சொன்னாள். தடங்களுக்கு இருபக்கமும் செங்கல் அடுக்கி, மேலே ஆட்டுமயிர்ப் பாய்களை விரித்து மறைத்தாள்.

மார்ச் மாதம் பக்கத்து நகரம் விழுந்தது. குர்தியப் படை மலையைவிட்டுத் தெற்கே போனது, அதில் யார் போனார்கள், யார் மலையிலேயே கிடந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு தாடிக்காரர்கள் வந்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கோழியையும் குழாயையும் மின்கம்பியையும் லாரியில் ஏற்றினார்கள், ஏற்ற முடியாத வீடுகளின் சுவரில் சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சித் தங்கள் பெயரை எழுதினார்கள். பெயர் எழுதினால் வீடு அவர்களுடையது, அதுதான் சட்டம், அதை எழுதியவனும் அவன்தான் படித்தவனும் அவன்தான். ரஷோவின் இரண்டு மாடி வீட்டில் அபு தலால் என்ற தளபதி மனைவி மக்களோடு குடியேறினான், ரஷோ தன் செக்குக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார்.

ஊர் நிழலோடு பழகிக்கொண்டது இந்தச் சமயத்தில்தான். வெயில் ஏற ஏற, பெரிகானின் முற்றத்துப் பனியோரத்தில் ஒவ்வொரு வீட்டுத் தயிர்ப்பானையும் வந்து உட்கார்ந்தது, பிறகு வெண்ணெய், பிறகு தர்ப்பூசணி. கொண்டுவருகிறவர்கள் சுவரோரமாகவே நடக்க வேண்டும் என்று பெரிகான் கட்டளை போட்டிருந்தாள், மீறினால் கையில் துடைப்பம் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கோழிகள் நிழலுக்குள் வந்து ராத்திரி என்று நினைத்து அடைந்தன. ஈக்கள் அதன் விளிம்போடு நின்றன. நிழலின் கீழ் தொழுதால் செல்லுமா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது, யாருடைய நிழல் என்று தெரியாமல் சொல்ல முடியாது என்று பள்ளிவாசல் மோதினார் நழுவிவிட்டார். ரஷோ மட்டும், அந்த விமானத்தை ஓட்டியவன் இப்போது தன் ஊரில் நிழல் இல்லாமல் நடந்துகொண்டிருப்பான், அவன் பெண்டாட்டி கவனித்திருப்பாளா என்று அடிக்கடி யோசித்தார்.

எமினேதான் பொருமிக்கொண்டே இருந்தாள். இறக்கை விழுந்த பாதி மாடியில் அவளால் மிளகாய் காயவைக்க முடியவில்லை.

"உன் நிழலை உன் பக்கம் இழுத்துக்கோ பெரிகான்" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "என் மிளகா பூத்துப்போச்சு."

"என் நிழலா? நான் ஏரோப்ளேன் வளக்கறேனா?"

"உடம்பு உன் முத்தத்துல, அப்ப இறக்கையும் உன்னோடதுதான். ஊருக்கெல்லாம் தயிர் குளிருது, எனக்கு மட்டும் பூசணம். நல்லா இருக்குடி உன் நியாயம்."

இரண்டு பேரும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் ஏப்ரலில் அபு தலால் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்து, யார் வீட்டிலிருந்து யார் படைக்குப் போனார்கள் என்று விசாரித்தபோது, பெரிகான் வாய் திறப்பதற்குள் மதிலுக்கு மேலிருந்து எமினேயின் குரல் முந்திக்கொண்டது.

"அவ ஒருத்திதாங்க. மலடி. வயிறு திறக்காதவ. காலையில இவ மூஞ்சியில முழிச்சா நமக்கு ஒரு வேலையும் ஓடாது."

தெரு முழுக்க நின்றவர்கள் சோஸினிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பெரிகான் தலையைக் குனிந்துகொண்டாள். எமினே அதை உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, மிளகாய்க்காகச் சொன்னாளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை; இரண்டுக்கும்தான் என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

வாரிசு இல்லாத விதவை வீடு என்பதால் அபு தலால் அதைத் தன் தம்பிக்கு என்று குறித்துக்கொண்டு சுவரில் பெயரை எழுதினான். ஆனால் நிழலுக்குக் கீழே எதுவும் காயாது. பெரிகான் ஜனவரியில் கொடியில் போட்ட துணியே இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்துகள் நின்ற நிலையிலேயே வழிந்து, படிக்கக் கூடிய எதுவும் மிஞ்சாமல் தரையில் இறங்கின. அவன் மறுபடி எழுதினான், மறுபடி வழிந்தது. ஊரில் பெயர் ஒட்டாத ஒரே வீடு அதுதான். பெயர் ஒட்டாத வீட்டில் குடியேற அவன் தம்பி பயந்தான். தெற்கே தன் சொந்த வீடு யாரோ ஒருவனுடைய பீரங்கியில் பொடியாகப் போனதைப் பார்த்துவிட்டு வந்தவன் அபு தலால். ஒரு சுவர் தன்னை வேண்டாம் என்று சொல்வதை அவனால் பொறுக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்து, வெறியோடு புதிதாக எழுதிவிட்டுப் போனான்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவன் மனைவி ஹயாத் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் பனி குடுங்க. பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது."

எதிரி வீட்டுக்காரி. பெரிகானுக்குக் கதவை அவள் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது, அறைந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டவரை, கொலைகாரனாக இருந்தாலும், அந்த ஊரில் வெறுங்கையோடு அனுப்பியதில்லை, பனியும் தண்ணீர்தானே. ஏற்கெனவே ஒருத்தியைத் தண்ணீர் இல்லாமல் அனுப்பியவள் அவள். "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணம் எடுக்க உள்ளே போனாள். ஹயாத் ஓரத்துப் பனி அழுக்காக இருக்கிறதே, பாய்க்கு அடியில் சுத்தமானது இருக்கும் என்று ஒரு பாயின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள்.

அவள் கெட்டவள் இல்லை. பார்த்ததை யாரிடமும் கோள் சொல்லவும் நினைக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதும், நன்றி பெருகிப்போய், அந்த முற்றத்தில் ஏதோ ஒரு மகான், ஒரு அவுலியா நடந்திருக்கிறார், சின்னச் சின்னக் காலடி, கோடையிலும் கரையவில்லை, அவர் மகிமையில்தான் பிள்ளை பிழைத்தது என்று கணவனிடம் கண்ணீர்விட்டாள்.

"தடத்தோட அடிப்பக்கம் எப்படி இருந்தது?" என்று அபு தலால் கேட்டான்.

"கட்டம் கட்டமா."

"எந்த அவுலியாடி பட்டாளத்து பூட்ஸ் போட்டார்?"

மறுநாள் உச்சிவெயிலில் அவன் இரண்டு ஆட்களோடும், பெண்கள் படையிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த குவியலிலிருந்து எடுத்த ஒரு பூட்ஸோடும் வந்தான். தயிர் எடுக்க வந்த பெண்கள் பானையோடு சுவரோரம் ஒதுங்கினார்கள். ரஷோ கொட்டகை வாசலில் எழுந்து நின்றார். எமினே மாடியில் இருந்தாள். ஆட்கள் பாய்களை வாரி எறிய, பத்தொன்பது அடியும் ஊர் பார்க்க வெளியே வந்தன. அபு தலால் குந்தி உட்கார்ந்து முதல் தடத்தில் பூட்ஸை வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"ஹஜ்ஜா" என்றான். மெக்காவுக்குப் போனாலும் போகாவிட்டாலும் வயதான பெண்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உங்களுக்குப் பிள்ளையே இல்லைன்னாங்க."

"இல்ல."

"அப்ப இது யாரோட கால்?"

"பனியைக் கேளுங்க."

அவன் கோபப்படவில்லை, குரலைத் தாழ்த்தினான். "பேரை மட்டும் சொல்லுங்க. பிடிபட்ட பொண்ணுங்க பட்டியல் எங்ககிட்ட இருக்கு. இவ இருக்காளா செத்தாளான்னு இப்பவே பாத்துச் சொல்றேன். பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?"

பெரிகானுக்கு நாக்கின் நுனிவரை அந்தப் பெயர் வந்துவிட்டது. ஏழு மாதம் அவள் சத்தமாகச் சொல்லாத பெயர். சொன்னால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும், உண்டா, இல்லையா. சொன்னால் பட்டியலில் இல்லாதவளும் பட்டியலில் ஏறிவிடுவாள், எங்கேயோ ஒரு கூடாரத்தில் வேறு பெயரில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் அந்த மூச்சையும் தேடி ஆள் போகும். அவள் பெயரை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"போட்டோ எடுறா" என்று அபு தலால் ஆளிடம் சொன்னான். ஆள் கைபேசியை எடுக்கப் பைக்குள் கையை விட்டான்.

பெரிகான் உள்ளே போனாள். மாடத்தில் செம்பு இருந்தது, நிழலுக்குக் கீழே எதுவும் காயாததால் ஜனவரி மாதத் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. அவள் அதோடு வெளியே வந்தபோது, வெயிலில் நடந்து வந்த அபு தலால், இந்த ஊர்க்காரர்கள் எதிரிக்கும் தண்ணீர் கொடுப்பார்கள் என்று தெரிந்தவன், பழக்கத்தில் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய் முதல் தடத்தில் ஊற்றினாள்.

"தண்ணி மாதிரி போ" என்றாள். இரண்டாவது தடத்தில் ஊற்றினாள், மூன்றாவதில் ஊற்றினாள், ஒவ்வொன்றும் ஒரு பெருமூச்சுவிட்டுக் கரைந்தது. கைபேசிக்காரன் எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் நின்றான். அபு தலால் கத்தினான், அவள் நடந்துகொண்டே இருந்தாள், பத்து, பன்னிரண்டு, பதினைந்து. கதவருகே, வீட்டைப் பார்த்து நின்ற அந்தக் கடைசி ஜோடிக்கு முன்னால் வந்தபோது மட்டும் அவள் கை நின்றுவிட்டது. அதை மட்டும் கரைக்க முடியாது என்று நினைத்தாள். ஒரு கண நேரம், அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அபு தலால் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். இழுத்த இழுப்பில் செம்பு கவிழ்ந்தது. மிச்சத் தண்ணீர் முழுவதும் அந்த ஜோடித் தடத்தின் மேல் கொட்டியது.

"தண்ணி மாதிரி வாடி என் கண்ணே" என்றாள் பெரிகான், ஏழு மாதம் தாமதமாக.

அப்போது நிழல் அசைந்தது. முதலில் வால் தெருவிலிருந்து உள்ளே வந்தது, பிறகு உடம்பு முற்றத்தைக் கடந்தது, இறக்கை எமினேயின் மாடியைவிட்டு இறங்கியது, கோழிகள் விடிந்துவிட்டது என்று கூவின, நிழல் செக்குக் கொட்டகையைத் தாண்டி ஆலிவ் தோப்பின் மேல் வழுக்கிக்கொண்டு வடக்கே தன் விமானத்தைத் தேடிப் போய்விட்டது. ஏழு மாத வெயில் ஒரே அடியாக முற்றத்தில் விழுந்தது. பனி போனது. கொடியில் துணி மொடமொடத்தது. சுவரில் அன்று காலை எழுதிய சிவப்பு எழுத்துகள் வழிவதை நிறுத்திக் காய்ந்தன, ஊரே படிக்கும்படி: அபு தலால்.

அவன் தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஏனோ அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"கிளம்புங்க ஹஜ்ஜா" என்றான். "தடம் இல்ல, அதனால உங்களை மட்டும் விடறேன், வீட்டை விடமாட்டேன். இந்த ஊர்ப்பக்கம் வரக் கூடாது."

அவள் ஒரு துணிமூட்டையும் காலிச் செம்புமாக வெளியே வந்தாள். கதவைத் தாண்டும் முன் கால் தானாகத் திரும்பி நின்றது, இரண்டு பாதமும் சேர்ந்து, வீட்டைப் பார்த்தபடி, மகள் நின்ற அதே இடத்தில். உள்ளே இருந்தது அந்நியன் மட்டும். தண்ணீர் ஊற்ற அந்த வீட்டில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றாள். சோஸினும் இப்படித் தெரிந்தேதான் நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டு மாடிப்படியில் தடதடவென்று யாரோ இறங்கினார்கள். எமினே ஒரு வாளித் தண்ணீரோடு, கையெல்லாம் சிந்திக்கொண்டு, துப்பாக்கிக்காரர்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நில்லுடி" என்றாள் மூச்சிரைக்க. "காஞ்ச வாசல்ல அனுப்பறதுக்கு நான் என்ன உன்ன மாதிரியா?"

பெரிகான் தெருப்பக்கம் திரும்பி நடந்தாள். பின்னால் வாளி கவிழ்ந்தது. தண்ணீர் அவள் குதிகாலை நனைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் ஓடியது.